ஒன்பதாம் பக்கத்து டாக்டர்

லுவாவுக்கு வாய் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கான் தோ நகரத்தில் மாணவர்கள் வாடகைக்கு இருக்கும் அந்தச் சந்துக்குள் போய்க் கேட்டுப் பாருங்கள். சந்து முனையில் நூடுல்ஸ் விற்கும் அம்மாளிலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோரும் அவளிடம் பேசித் தோற்றவர்கள்தான். மீன்காரி எடையில் கை வைத்தால் லுவா சண்டை போட மாட்டாள். "அக்கா, இந்த மீனு உங்க தராசுல ஏறுனா மட்டும் எப்படி குண்டாயிடுது?" என்று கேட்பாள். மீன்காரி சிரித்துவிட்டால் எடை சரியாகிவிடும்.

ஆங்கிலம் என்று வந்துவிட்டால் மட்டும் அந்த வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். சாவி எங்கே என்று அவளுக்கும் தெரியாது, பாடம் எடுத்தவர்களுக்கும் தெரியாது.

கால்நடை மருத்துவம், ஐந்து வருடப் படிப்பு. எல்லாத் தாளும் எழுதித் தேறிவிட்டாள். மாட்டின் வயிற்றுக்குள் தோள்வரை கையை விட்டு, சினை எத்தனை மாதம் என்று சொல்லிவிடுவாள். ஆனால் ஆங்கிலத்தில் பேசும் பரீட்சையில் பத்துக்கு ஆறு வாங்காமல் பட்டம் கையில் கிடைக்காது. மாட்டுக்கு எதற்கு ஆங்கிலம் என்று கேட்காதீர்கள். கேட்டவர்கள் எல்லாம் இன்னும் பட்டம் வாங்காமல் இருக்கிறார்கள்.

பரீட்சையில் வருவது ஒன்றும் மலையைப் புரட்டும் விஷயம் இல்லை. உன் குடும்பம், உன் வீடு, உனக்குப் பிடித்த சாப்பாடு, உன் ஊர் மழை, பக்கத்து வீட்டுக்காரர் எப்படி. அன்றாடம் நாம் வாய் ஓயாமல் பேசுகிற சங்கதிகள்தான். அதற்கும் நம்மவர்கள் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். கல்லூரி வாசலில் ஆறாம் அக்காவின் ஜெராக்ஸ் கடை. அவள் பெயர் என்னவோ, அந்த வீட்டில் ஆறாவதாக எண்ணப்பட்டவள், அதனால் ஊருக்கே ஆறாம் அக்கா. அவளிடம் பின் அடித்த ஒரு மெல்லிய புத்தகம் கிடைக்கும். நாற்பது தலைப்பு, நாற்பது பதில். யார் எழுதியது, எந்தக் காலத்தில் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் படித்த அதே பதிலைத் தம்பியும் படிப்பான், ஐந்து வருடம் கழித்துத் தங்கையும் படிப்பாள். அதன் ஒன்பதாம் பக்கத்தில் எல்லோருடைய அப்பாவும் டாக்டர், எல்லோருடைய அம்மாவும் டீச்சர். பத்தாம் பக்கத்தில் எல்லோருக்கும் இரண்டு மாடி வீடு, முன்னால் சின்ன ரோஜாத் தோட்டம்.

"சொந்தமா வாக்கியம் கட்டாதீங்க. கட்டினா இடிஞ்சு விழும். இருக்கறதை ஒழுங்கா ஒப்பிச்சா போதும்" என்று வகுப்பில் வேறு சொல்லிக் கொடுத்திருந்தார்கள். லுவா புத்தகத்தைக் கரைத்துக் குடித்தாள். குடித்தும் இரண்டு தடவை தோற்றாள்.

முதல் தடவை பாதியில் ஒரு வரி நழுவிவிட்டது. நழுவிய வரியைப் பிடிக்க முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதே இடத்தில் மறுபடி நழுவியது. மூன்றாம் முறை ஆரம்பித்தபோது மணி அடித்துவிட்டார்கள். இரண்டாம் தடவை ஒரு வரிகூட நழுவவில்லை. "என் அப்பா டாக்டர்" என்று அவள் சொன்னதும் எதிரே இருந்தவர், "என்ன டாக்டர்?" என்று கேட்டுவிட்டார். அது புத்தகத்தில் இல்லை. லுவா கொஞ்சம் யோசித்து, ஒன்பதாம் பக்கத்தின் அடுத்த வரியைச் சொன்னாள். "அவருக்கு மீன் பிடிப்பதும் தொலைக்காட்சி பார்ப்பதும் பிடிக்கும்."

அன்றைக்கு அவளுக்குக் கிடைத்தது நாலு மார்க். முட்டை வாங்கவில்லை என்று வேண்டுமானால் ஆறுதல் சொல்லலாம்.

முட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. பரீட்சைக்கு முன்னால் நம் பிள்ளைகள் வாத்து முட்டை சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் மார்க்கும் அந்த வடிவத்திலேயே வரும் என்று பயம். லுவாவின் அப்பாவோ வாத்து மேய்க்கிறவர். மாதம் ஒரு முறை பஸ்ஸில் முட்டை அனுப்பிவிடுவார், உமிக்குள் புதைத்து, ஒன்றுகூட உடையாமல். பரீட்சை மாதத்தில் அந்தப் பெட்டி வந்தால் அறைத் தோழி டாவ் அதைத் திறக்கக்கூட விடமாட்டாள். அப்படியே தூக்கிக் கொண்டுபோய் வீட்டுக்காரம்மாளிடம் கொடுத்துவிடுவாள். வீட்டுக்காரம்மாள் பரீட்சை எழுதுகிற வயதைத் தாண்டியவள், நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

இந்த டாவ் முதல் தடவையிலேயே தேறியவள். மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லுவாவை இழுத்துக்கொண்டு நின் கியூ படித்துறைக்குப் போனாள். ஆற்றோரம் வெள்ளைக்காரர்கள் நடப்பார்கள், உட்கார்ந்திருப்பார்கள். மாணவர்கள் இரண்டு மூன்று பேராகப் போய், பத்து நிமிடம் எங்களோடு பேச முடியுமா என்று கேட்பது வழக்கம். முக்கால்வாசிப் பேர் முடியாது என்று சொல்வதில்லை.

பெஞ்சில் தலை நரைத்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். டாவ் பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளினாள். லுவா எதிரே போய் நின்று, முதலில் கேட்ட கேள்வி, "உங்களுக்கு என்ன வயது?"

அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. எதிரே இருப்பவர் அக்காவா, அத்தையா, பாட்டியா என்று தெரியாமல் நம்மால் வாயைத் திறக்க முடியுமா? அந்த அம்மாள் சிரித்துவிட்டு, "நூற்றிரண்டு" என்றாள். லுவா கொஞ்சமும் சிரிக்காமல், "நீங்கள் மிகவும் இளமையாக இருக்கிறீர்கள்" என்றாள். புத்தகத்தில் அதுதான் அடுத்த வரி. டாவ் பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த அம்மாள் நல்லவள். உட்காரச் சொல்லி, உன் வீட்டைப் பற்றிச் சொல் என்று கேட்டாள். லுவா பத்தாம் பக்கத்தை ஒரு பிசிறில்லாமல் ஒப்பித்தாள். இரண்டு மாடி, நான்கு அறை, முன்னால் ரோஜாத் தோட்டம்.

"அப்படியா! நீங்கள் எல்லோரும் வெளியே போய்விட்டால் ரோஜாவுக்கு யார் தண்ணீர் ஊற்றுவார்கள்?"

ஆற்றில் ஒரு படகு போனது, லுவா அதைப் பார்த்தாள். ரோஜாச் செடியையே அவள் யார் வீட்டிலும் பார்த்ததில்லை. கடையில் வெட்டிக் கட்டி வைத்திருப்பதைத்தான் பார்த்திருக்கிறாள். கடைசியில், நன்றி, போய் வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டாள்.

"ஏன்டி, மழை ஊத்தும்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் டாவ்.

"தோணலைடி."

"மீன்காரிகிட்ட மட்டும் எப்படித் தோணுது?"

"மீன்காரிகிட்ட நான் நெசத்தைப் பேசறேன்" என்றாள் லுவா. சொல்லிவிட்டு, அதைப் பற்றி மேலே யோசிக்காமல் நடந்தாள்.

மாதக் கடைசியில் மூன்று நாள் விடுமுறை வந்தது. அப்பா அப்போது வி தான் என்கிற ஊருக்குப் பக்கத்தில் அறுவடை முடிந்த வயல்களில் இருந்தார். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் போனில் கேட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். ஒரு வயலில் சிந்திய நெல் பத்து நாளைக்கு வரும். அது தீர்ந்தால் படகு, தார்ப்பாய், அடுப்பு, வலை, வாத்து எல்லாம் அடுத்த வயலுக்கு. லுவா பிறந்ததிலிருந்து அந்தத் தார்ப்பாய் நாலு தடவை மாறியிருக்கிறது. அதன் கீழே இருக்கும் மரக்கட்டில் மாறவில்லை. அவளுக்கு வீடு என்றால் அந்தக் கட்டில்தான்.

அம்மா முட்டைகளைப் படகில் ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போயிருந்தாள். அப்பா, வாய்க்கால்காரர்களுக்கெல்லாம் அஞ்சாம் மாமா, முனையில் கிழிந்த துணி கட்டிய நீளக் கழியோடு வரப்பில் நின்றிருந்தார். வயலில் வாத்துகள் தலையைச் சேற்றில் விட்டுக்கொண்டு கத்திக்கொண்டிருந்தன. லுவா செருப்பைக் கழற்றிவிட்டு மறுபக்கத்து வரப்பில் நின்று சத்தமாக ஒப்பித்தாள். வாத்துச் சத்தத்தைத் தாண்டிப் பேச முடிந்தால் பரீட்சை அறையில் குரல் நடுங்காது என்று ஒரு கணக்கு.

மூன்றாவது முறை முடித்தபோது அப்பா பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன புள்ள சொல்லித் தர்ற அதுங்களுக்கு? மூணு தடவை கேட்டுட்டேன், எனக்கே ராகம் மனப்பாடமாயிடுச்சு. நம்ம பேச்சுல சொல்லு, நானும் கேக்கறேன்."

எதையாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். அப்பாவிடம் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை.

"என் குடும்பத்துல நாலு பேரு. என் அப்பா டாக்டர். அம்மா டீச்சர். எங்க வீடு ரெண்டு மாடி. முன்னால ரோஜாத் தோட்டம்."

அப்பா வரிசையை விட்டு விலகிப்போன ஒரு வாத்தைக் கழியால் திருப்பிவிட்டார். பிறகு, "பெரிய எடம்தான்" என்றார். "டாக்டர் வீட்டுப் புள்ள இந்தச் சேத்துல நின்னா நல்லாவா இருக்கு? காலைக் கழுவிட்டு மாடிக்குப் போம்மா."

அவர் சிரித்தார். லுவாவும் சிரித்தாள். ஆனால் அவளுக்கு அவமானமாக இருந்தது, அப்பா வாத்து மேய்ப்பதற்காக இல்லை.

"எல்லாரும் இதையேதான் சொல்லுவாங்கப்பா. புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"எல்லாரோட அப்பாவும் டாக்டரா?"

"ஆமா."

"அப்புறம் ஏன் நாட்டுல இவ்வளவு சீக்காளி?" என்றார் அப்பா. பிறகு, "அந்தப் புத்தகத்துல வாத்தே கெடையாதா?" என்று கேட்டார்.

"இருக்கு. பிடிச்ச சாப்பாடுங்கற பக்கத்துல. வறுத்தது."

அதற்கு அப்பா வயல் அதிரச் சிரித்தார். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று லுவாவுக்குத் தோன்றியது. சொல்லிவிட்டாள். இரண்டு தடவை தோற்றதை, ஏப்ரலில் மூன்றாவது தடவை இருப்பதை, அதிலும் போனால் ஆகஸ்ட் பட்டமளிப்பில் தன் பெயர் இருக்காது என்பதை.

அப்பா திட்டவில்லை. கழியை வரப்பில் ஊன்றிக்கொண்டு வாத்துகளைப் பார்த்தார். அவர் எப்போதும் கூட்டத்தின் முன்னால் பார்க்க மாட்டார், கடைசியில் வருவதைத்தான் பார்ப்பார்.

"ஆகஸ்டுக்கு எட்டாமவன்கிட்ட சொல்லி வச்சிட்டேன்" என்றார். எட்டாமவன் அவருடைய தம்பி. "ரெண்டு நாள் வந்து வாத்தோட நின்னு பாத்துக்கறேன்னான். முத்து முத்தா ஆயிரத்து எண்ணூறு வாத்து, அவனை நம்பி விடணும்னாலும் பரவால்லைன்னு ஒத்துக்கிட்டேன். இப்ப வேணாம்னு சொல்லிடவா?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஒரு ராத்திரிகூட வாத்தை விட்டுப் பிரியாத மனிதர். நாலு அடி அடித்திருந்தால்கூட லுவாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"வேணாம்ப்பா. சொல்லாதீங்க. நான் பாஸ் பண்ணிடறேன்."

"சரி. அப்ப சொல்லலை."

கான் தோவுக்குத் திரும்பியதும் டாவ் தினம் பரீட்சை வைத்தாள். கையில் சோற்றுக் கரண்டியை வைத்துக்கொண்டு, மூக்கில் கண்ணாடி இல்லாமலே கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இன்றைக்கு என்ன சாப்பிட்டாய், உன் சந்து எப்படி இருக்கும், பக்கத்து அறைக்காரன் நல்லவனா என்று ஆங்கிலத்தில் கேட்பாள். புத்தகத்து வரி வந்தால் கரண்டியால் தலையில் ஒரு தட்டு. "பக்கத்து அறைக்காரன் சத்தமாகப் பாடுகிறான், பாட்டு மோசம்" என்று லுவா தானாக ஒரு நாள் சொல்லிவிட்டாள். அதில் மூன்று தப்பு இருந்தது. டாவ் கைதட்டினாள். பக்கத்து அறைக்காரனுக்கு நல்ல வேளையாக ஆங்கிலம் வராது.

இதெல்லாம் அறைக்குள்தான். பரீட்சை அறையில் எதைச் சொல்வது என்பதில் லுவாவுக்குச் சந்தேகமே இல்லை. டாக்டர், டீச்சர், இரண்டு மாடி. விளையாட்டு வேறு, ஆறு மார்க் வேறு. அப்பா ஆகஸ்டில் வருவதற்காகத்தான் அப்பாவை டாக்டராக்கப் போகிறோம் என்று அவள் மனதைச் சமாதானம் செய்துகொண்டாள்.

பரீட்சைக்கு முதல் நாள் முட்டைப் பெட்டி வந்தது. டாவ் வழக்கம்போல அதைத் தூக்கினாள். வாசல்வரை போனவள் நின்றாள்.

"லுவா, ரெண்டு தடவை சாப்பிடாமதானே ஃபெயிலான?"

"ஆமா."

"அப்ப ஒரு தடவை சாப்பிட்டுத்தான் பாரேன்."

காலையில் லுவா இரண்டு முட்டையை அவித்து உப்பும் மிளகும் தொட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். சந்து முனை அம்மாள் அதைக் கேட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

அறைக்குள் இரண்டு பேர். நேரத்தைக் குறிக்க ஒரு இளைஞன், கேள்வி கேட்க நடுத்தர வயதில் ஒரு அம்மாள். அந்த அம்மாளுக்கு அன்று லுவா முப்பத்தேழாவது ஆள். முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது. பெட்டியிலிருந்து லுவா எடுத்த சீட்டில், "உன் வீட்டைப் பற்றிச் சொல்" என்று இருந்தது. லுவாவுக்கு உயிர் வந்தது. பத்தாம் பக்கம்!

"என் வீட்டுக்கு இரண்டு மாடி. அது பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை. முன்னால்…"

"…ஒரு சின்ன ரோஜாத் தோட்டம்" என்று முடித்தாள் அந்த அம்மாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மார்க் தாளில் தேதி போட்டுக்கொண்டிருந்தாள். வாய் தானாக முணுமுணுத்துவிட்டது. தான் பேசிவிட்டது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது போல, பேனாவை நிறுத்திவிட்டு லுவாவைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. அலுப்புதான்.

"அது உன் வீடா?" என்று கேட்டாள்.

புத்தகத்தில் இல்லாத கேள்வி. லுவா ஒன்பதாம் பக்கத்துக்கு ஓடிப் பார்த்தாள், பதினொன்றுக்கு ஓடிப் பார்த்தாள். எங்கேயும் பதில் இல்லை. அப்போது, கழியை ஊன்றிக்கொண்டு அப்பா கேட்டது ஞாபகம் வந்தது. இப்ப வேணாம்னு சொல்லிடவா?

"இல்லை" என்றாள் லுவா. "பொய். மன்னிக்கவும்."

"உன் வீடு எது?"

பிறகு அவள் ஆங்கிலத்தில் சொன்னது ஏறக்குறைய இப்படி இருந்தது. "என் வீடு நடக்கும். இன்றைக்கு இந்த வயல். பத்து நாள், வேறு வயல். அறுவடை எங்கே, என் வீடு அங்கே. சுவர் இல்லை. ஒரு கட்டில். என் அப்பாவிடம் வாத்து. இரண்டாயிரம்." ஆயிரத்து எண்ணூறை ஆங்கிலத்தில் சொல்லப் போய் நடுவில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று இருநூறு வாத்துகளை அந்த இடத்திலேயே வாங்கிச் சேர்த்துவிட்டாள்.

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். "இரண்டாயிரமா? ஒன்று காணாமல் போனால் எப்படித் தெரியும்?"

"தெரியாது. இரண்டு காணாமல் போனால் தெரியாது. இருபது, தெரியும். சத்தம் குறையும்."

"சீக்கு வந்தால்?"

"சீக்கு வாத்து கடைசியில் நடக்கும். அப்பா முன்னால் பார்க்க மாட்டார். கடைசி பார்ப்பார். கழுத்து வளைந்தால், கால் இழுத்தால், தனியே எடுப்பார். எனக்குப் போன் செய்வார்."

"உனக்கு எதற்கு? உன் அப்பா டாக்டர் இல்லையா?" என்றாள் அந்த அம்மாள். இப்போது அவள் உதட்டில் சிரிப்பு இருந்தது.

"அப்பா டாக்டர் இல்லை" என்றாள் லுவா. "நான் டாக்டர். வாத்துக்கு."

அதற்கப்புறம் தடுப்பூசி, தண்ணீர், எந்த மாதம் எந்த நோய் என்று கொட்டித் தீர்த்தாள். நேற்று நடந்தது நாளைக்கு நடந்தது, ஒரு வாத்து பல வாத்தானது, பல வாத்து ஒன்றானது. இலக்கணம் வரப்பு வழுக்கி விழுந்து எழுந்து ஓடியது. அந்த இளைஞன் மணி அடித்தபோது இரண்டு நிமிடம் தாமதமாகியிருந்தது.

வெளியே வந்தால் வாசலில் கூட்டம். முறை வராதவர்கள் எல்லாம் முற்றுகை போட்டு, "என்ன தலைப்பு? என்ன சொன்னே?" என்று கேட்பார்கள், செல்போனை வாய்க்கு நேரே நீட்டுவார்கள். அது ஒவ்வொரு பரீட்சைக்கும் உள்ள வழக்கம். லுவா இன்னும் மயக்கம் தெளியாமல், உள்ளே சொன்னதையெல்லாம் அப்படியே அவர்களிடமும் சொன்னாள். "செத்தா இவ" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். லுவாவும் அப்படித்தான் நினைத்தாள். அறைக்கு வந்து டாவ் மடியில் படுத்து அழுதாள்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. பத்துக்கு ஆறு வேண்டும். லுவாவுக்கு ஆறு. ஒரு பொட்டு கூடவும் இல்லை, ஒரு பொட்டு குறையவும் இல்லை. டாவ் சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். நூடுல்ஸ் அம்மாள் அன்றிலிருந்து பரீட்சைப் பிள்ளைகளுக்கு முட்டை போட ஆரம்பித்தாள், காசு தனி.

ஆகஸ்டில் அப்பா வந்தார். அம்மா வரவில்லை. வாத்தை வேண்டுமானால் எட்டாமவனை நம்பி விடலாம், முட்டையை விட முடியாது என்று நின்றுவிட்டாள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, யாரிடமோ இரவல் வாங்கிய ஷூ மாட்டியிருந்தார். மேடையில் லுவாவின் பெயரைக் கூப்பிட்டபோது அவர் கைதட்டவில்லை. எழுந்து நின்றார், உட்காரச் சொல்லும்வரை நின்றார். லுவா மேடையிலிருந்தே அதைப் பார்த்தாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

விழா முடிந்து வெளியே வந்ததும் அப்பாவால் நடக்க முடியவில்லை. ஷூ கடித்துவிட்டது. ஆறாம் அக்காவின் கடை ஓரத்தில் நாற்காலி இருந்தது. அங்கே உட்கார்ந்து ஷூவைக் கழற்றிவிட்டு ஐஸ் போட்ட டீ வாங்கிக் குடித்தார். உள்ளே ஜெராக்ஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் மறுபடி ஆங்கிலப் பரீட்சை. கடைக்கு முன்னால் கண்ணாடி போட்ட ஒரு பெண், கையில் புத்தகத்தோடு குறுக்கும் நெடுக்கும் நடந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

லுவா முதலில் கவனிக்கவில்லை. பிறகு காதில் விழுந்தது. "என் வீடு நடக்கும். இன்றைக்கு இந்த வயல். என் அப்பாவிடம் இரண்டாயிரம் வாத்து."

லுவாவுக்குச் சுருக்கென்றது. மேஜையில் கிடந்த புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டினாள். கடைசித் தாளில் நாற்பத்தொன்றாவது தலைப்பு. தப்பெல்லாம் திருத்தி, சுத்தமாக அச்சடித்திருந்தது.

"அக்கா, இதை யாரு குடுத்தா உங்களுக்கு?"

"வாசல்ல யாரோ ரெக்கார்டு பண்ணியிருக்காங்க, கொண்டாந்து குடுத்தாங்க" என்றாள் ஆறாம் அக்கா, தாளை அடுக்கிக்கொண்டே. "ரெண்டு தடவை ஃபெயிலானவ மூணாவது தடவை இதைச் சொல்லி பாஸ் பண்ணாளாம். சும்மாவா? இந்தத் தடவை எல்லாம் இதைத்தான் கேக்குதுங்க."

"அது எங்க அப்பா!"

"இருக்கட்டுமே. நல்ல அப்பா."

லுவாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. தன் வீட்டுக் கட்டிலை யாரோ தெருவில் போட்டு ஏலம் விடுவது போல இருந்தது.

"என்னம்மா தகராறு?" என்றார் அப்பா. "அந்தப் புள்ள என்ன சொல்லுது? ராகம் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கு."

லுவா சொன்னாள். வரிக்கு வரி நம்ம பேச்சில் சொன்னாள். வீடு, வயல், கட்டில், கடைசியில் நடக்கும் வாத்து, எல்லாவற்றையும். அப்பா டீயைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பெண்ணைப் பார்த்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை, சேறு படாத கால்.

"உங்க அப்பா என்னம்மா பண்றாரு?" என்று கேட்டார்.

அந்தப் பெண் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "பல் டாக்டர், மாமா."

அப்பாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. புரையேறியது. லுவா முதுகில் தட்டினாள். தட்டத் தட்ட அவளுக்கும் கோபம் போய் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் நின்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பா, "ரெண்டாயிரம் இல்லம்மா" என்றார். "ஆயிரத்து எண்ணூறு. தப்பா சொல்லி மார்க்கு போயிடப் போகுது. திருத்திக்க."

அந்தப் பெண் பேனாவை எடுத்தாள். பிறகு லுவாவைப் பார்த்து, "அக்கா, ஆயிரத்து எண்ணூறை ஆங்கிலத்துல எப்படிச் சொல்லணும்?" என்று கேட்டாள்.

லுவா சொல்லிக் கொடுத்தாள். ஒரு தடவையில் வந்துவிட்டது.

"அப்ப அந்த டாக்டரு?" என்று அப்பா மெதுவாக லுவாவிடம் கேட்டார்.

"இருக்காருப்பா. ஒன்பதாம் பக்கத்துல அப்படியேதான் இருக்காரு."

"பாவம், இருந்துட்டுப் போகட்டும்" என்றார் அப்பா.

அந்தப் பெண் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று லுவா இரண்டு தடவை சொல்லிவிட்டாள். அப்பா எழுந்திருக்கவில்லை. வெறுங்காலை நீட்டிக்கொண்டு, வாத்து எத்தனை என்கிற இடம் வருகிறவரை கேட்டார். அது சரியாக வந்ததும் தலையை ஆட்டிவிட்டு, ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.